ஒரே உயரத்தில் இரண்டு கோடுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர வருகிறவர்களிடம் சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால் வயிற்றைக் கேட்பார்கள். நோயாளியின் தொண்டைக்குள் குழாயை இறக்கிச் சதை கிள்ளி வரச் சொல்லிவிட்டு, நாம் மட்டும் ஏசி அறையில் உட்கார்ந்து அதை ஆராய்வது அயோக்கியத்தனம் என்பது தலைமை ஆய்வாளரின் கட்சி. ஆகவே புதிதாக யார் வந்தாலும் முதலில் குழாயை விழுங்கி, தன் வயிற்றிலிருந்து அரிசிமணி அளவு சதையைக் கொடுத்தாக வேண்டும். தன் வயிற்றையும் அவர் கொடுத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் குழாய் சார் என்றார்கள். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். தங்கமான மனிதர். இந்தக் கதையில் நடக்கிற கெடுதலில் பாதி அந்தத் தங்கமான மனதால் நடந்ததுதான்.

இந்தக் கதைக்கு உரியவளும் எட்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் சேர்ந்தாள். வயிற்றில் கிருமி இருந்தது. உலகத்தில் இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கிற கிருமிதான், பலருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் கொடுக்காமல் குடியிருக்கும், சிலருக்குப் புண்ணைக் கொடுக்கும், இன்னும் சிலரை ஒரேயடியாக அனுப்பிவைக்கும். அவளுடையது சாதுவாக இருந்தது. சும்மா இருப்பதைச் சீண்டுவானேன் என்று அவள் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. கிருமியை வளர்த்து, ஒரு சிறு குப்பியில் போட்டு, உறைபெட்டியில் வைத்தார்கள்.

அவர்கள் அங்கே தேடியது கிருமியை அல்ல, கிருமிக்குள் இருக்கும் வைரஸை. மனிதனைப் பிடிக்கிற வைரஸ் இல்லை இது. கிருமியைப் பிடிக்கிற வைரஸ். கிருமியின் மரபணுச் சரத்தை வெட்டித் தன்னை நடுவில் செருகிக்கொண்டு, வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனாகிவிடுகிற மாதிரி அங்கேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு கிருமி குட்டி போடும்போதெல்லாம் வைரஸும் சேர்ந்தே பிறக்கும். எந்த வைரஸ், சரத்தில் எந்த இடத்தில், எப்படிச் செருகியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கிருமியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம். யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போனது என்பது வரைக்கும் சொல்லிவிடலாம்.

அவளுடைய கிருமிக்குள் இருந்தது விசித்திரமான ஒன்று. வேறு யாரிடமும் இல்லாத இடத்தில் செருகியிருந்தது. போதாக்குறைக்கு வால் பக்கம் ஒரு துண்டு அறுந்திருந்தது. குழாய் சாருக்குப் பிடித்துப்போய் அவளுடைய கிருமியையே அளவுகோலாக வைத்துவிட்டார். பிசிஆரில் மரபணுத் துண்டைப் பெருக்கி, ஜெல் பாளத்தின் குழிகளில் விட்டு ஓட்டினால், வைரஸ் செருகியிருக்கும் இடத்துக்கேற்ற உயரத்தில் ஒரு கோடு ஒளிரும். முதல் குழியில் அவளுடைய கிருமி, கடைசிக் குழியில் வெறும் தண்ணீர். முதல் குழியில் கோடு விழ வேண்டும், தண்ணீரில் விழக் கூடாது. இரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் நடுவில் இருக்கிற நோயாளிகளின் பேச்சை நம்பலாம். எட்டு வருடமாக அந்த உயரத்தில் அவள் மட்டும் தனியாக ஒளிர்ந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தாய், தகப்பன் கிடையாது. நினைவு தெரிவதற்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள். அவளுக்கும் அண்ணனுக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். அண்ணனுக்குக் கல்யாணமான அன்றே மூன்று வயதுப் பிள்ளையை அண்ணியின் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். புதுப்பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. அதற்கான தண்டனையை அண்ணி யாருக்குக் கொடுத்தாள் என்பதையும் யாரும் கேட்கவில்லை. வெளியில் அண்ணிக்கு நல்ல பெயர். தன் வயிற்றில் பிள்ளை இல்லாவிட்டாலும் நாத்தனாரைச் சொந்தப் பெண்ணாக வளர்த்த மகராசி என்று கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அண்ணன் தண்ணீர் பம்பு மாட்டிக்கொடுக்கிற மெக்கானிக். வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். ஒரு நாள் நடுமத்தியானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தவர், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எட்டு வயதுத் தங்கை தட்டும் கையுமாகக் குந்தியிருப்பதைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த பள்ளி வருடம் அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். "படிப்பு நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் அண்ணி பரிமாற அவர் சாப்பிட்டதில்லை. தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்க வருவார், முதலில் ஹாஸ்டலுக்கு, பிறகு அவள் தனியாக எடுத்துக்கொண்ட வீட்டுக்கு. வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, "குட்டி, மிக்ஸி சத்தம் போடுதா, ஃபேன் ஆடுதா" என்று கேட்டு எதையாவது கழற்றி மாட்டுவார். முப்பத்தெட்டு வயதுக்காரியைக் குட்டி என்று கூப்பிட இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் உரிமை. அந்த மத்தியானத்தைப் பற்றி அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. கேட்டால் அவர் குடும்பம் குலைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலே அவர் சந்தேகப்பட்டார் அல்லவா, அது போதும். அவளுக்காக இந்த மண்ணில் ஒருவர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம்தான் அவளைப் படிக்க வைத்தது, நிமிர வைத்தது, அவளுக்கு அது தாய் வீடு மாதிரி.

அண்ணி ரத்த வாந்தி எடுத்தபோது தங்கையின் ஆய்வுக்கூடம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். கட்டில் பிடித்துக் கொடுத்ததும், டாக்டரைப் பார்த்துப் பேசியதும் அவள்தான். செய்ய வேண்டியதைச் செய்தாள், முகம் சுளிக்கவில்லை. குழாயை இறக்கிப் பார்த்ததில் வயிற்றில் பெரிய புண் இருந்தது. கிள்ளியெடுத்த சதை, மற்ற நோயாளிகளுடையதோடு சேர்ந்து, பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய குப்பியில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது.

கிருமி வளர்ந்ததும் அவள் வழக்கம்போல் ஜெல்லில் ஓட்டினாள். நீல விளக்கைப் போட்டாள். முதல் குழியில் கோடு. நடுவில், ஏழாவது குழியில், அதே உயரத்தில் இன்னொரு கோடு.

அவள் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். கை தவறித் தன் கிருமியின் குப்பியிலிருந்து ஒரு துளி சிந்தியிருக்கும், இந்தத் தொழிலில் அது தும்மல் மாதிரி, யாருக்கும் வரும். எல்லாத் திரவத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து, வேறு மேசையில் வைத்துத் திரும்பச் செய்தாள். திரும்பவும் ஏழாவது குழி ஒளிர்ந்தது. மூன்றாவது முறை மரபணு எழுத்துகளையே வரிசையாகப் படித்துப் பார்த்தாள். அதே வைரஸ், செருகிய இடமும் அதேதான், வால் அறுந்த இடம் ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தியது. அதோடு, அவளுடைய கிருமியில் இல்லாத ஒன்றிரண்டு சின்ன மாற்றங்கள் வேறு பக்கத்தில் இருந்தன. சிந்திய துளியாக இருந்தால் அது இருக்காது. இது வேறொரு வயிற்றில், வேறாக வயதான அதே கிருமி. எண்ணைப் பெயரோடு ஒத்துப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எப்படி வந்தது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணி சாப்பிட்டு முடிப்பாள். பல்லுக்கு அடங்காத நாரை மென்று துப்பியது தட்டோரம் கிடக்கும். சொம்புத் தண்ணீரைத் தட்டிலேயே ஊற்றி விரல்களை அதிலேயே கழுவுவாள். மிச்சச் சோறு மிதக்கும். "வீணாக்கக் கூடாது" என்று சொல்லித் தட்டைப் பின்வாசல் படியில் வைப்பாள். பசிக்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தின்னும். அண்ணன் ஊரில் இல்லாத நாளெல்லாம் அவளுக்கு அதுதான் சாப்பாடு. ஐந்து வருடம்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஜெல்லின் படம் கணினியில் இருந்தது. கணினியைக் குழாய் சாரும் பார்ப்பார்.

மறுநாள் அவள் வார்டுக்குள் நுழையும்போது அவர் ஏற்கெனவே கட்டிலருகே நின்றிருந்தார். மாதிரியை ஆராய்ச்சிக் கட்டுரையில் சேர்க்க நோயாளியின் சம்மதம் கேட்க வந்தவர், சம்மதம் வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே. அவளை வளர்த்த அண்ணி இவள்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் சந்தோஷம் தாங்காமல் விளக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணி கையில் ஊசி ஏறியபடி சாய்ந்திருந்தாள். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டம்மாவை நீங்க சாதாரணமா நினைச்சுக்காதீங்க" என்றார் சார். "இந்தப் பொண்ணு வயித்துல இருக்கற கிருமியும் இவங்க வயித்துல இருக்கறதும் ஒண்ணு. உள்ள பூந்த வைரஸ் ஒண்ணு, பூந்த இடம் ஒண்ணு, வால் அறுந்த இடமும் ஒண்ணு."

"அப்படின்னா என்ன சார்?" என்றார் அண்ணன்.

"அப்படின்னா இவங்க வாயிலேருந்து அவ வாய்க்குப் போயிருக்கு. சின்ன வயசுல. மென்னு ஊட்டினாப் போகும், முத்தம் கொடுத்தாப் போகும், ஒரே கரண்டியில மாத்தி மாத்தி ஊட்டினாப் போகும். பெத்த தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுலதான் நான் இதைப் பார்த்திருக்கேன். வளர்த்த இடத்துல பார்க்கறது இதான் முதல் தடவை. என்னம்மா, நீ ஏன் சொல்லவே இல்ல?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணியின் கண் அவள் மேல் வந்து விழுந்தது. ஒரு கணம் அதில் பயம் இருந்தது. திருடன் கையில் விலங்கு மாட்டப்போகிறார்கள் என்று பார்த்தால் மாலை போடுகிறார்களே என்கிற திகைப்பு அடுத்த கணம். மூன்றாவது கணத்தில் அண்ணி தேறிவிட்டாள். கண்ணை மூடினாள், ஓரத்தில் நீர் இறங்கியது.

"நான் என்னைக்காவது சொல்லிக்காட்டியிருக்கேனா?" என்றாள்.

அண்ணன் எழுந்து நின்றார். தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடமாக முதுகில் ஏற்றியிருந்த மூட்டையை இறக்கிவைக்க இடம் கிடைத்தவரின் முகம் அது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் இறக்கிவிடுவார். இறக்கிவிட்டால் அவளுக்கு அப்புறம் யாருமில்லை.

"அது உறுதியில்ல அண்ணா" என்றாள் அவசரமாக. "கலந்திருக்கும்."

சாரின் சிரிப்பு நின்றது. "என்னம்மா சொல்றே?"

"என் குப்பி சிந்தியிருக்கும் சார். என்னோடதுதான் அதுல கலந்து தெரியுது."

"மூணு தடவை பார்த்திருக்கியே. எழுத்து எழுத்தாப் படிச்சிருக்கியே."

"மூணு தடவையும் தப்புப் பண்ணியிருக்கேன் சார்."

அந்தத் தொழிலில் இப்படிச் சொல்வது, சமையல்காரன் விருந்துக்கு நடுவில் எழுந்து, அண்டாவில் எலி விழுந்துவிட்டது என்று அறிவிப்பதற்குச் சமம். அதுவும் விழாத எலி. எட்டு வருடத்தில் அவள் எழுதிய ஒவ்வொரு முடிவின் மேலும் அந்த எலி ஓடும் என்று தெரிந்தேதான் சொன்னாள். சார் அவளை வெகுநேரம் பார்த்தார்.

"சரி. இந்தத் தடவை நீ கையே வைக்க வேண்டாம். நானே பண்றேன்."

அண்ணியின் சதையில் ஒதுக்கிவைத்த இரண்டாவது துண்டு இருந்தது. தங்கைதான் மறுபடி குழாயை விழுங்க வேண்டியிருந்தது. பழைய குப்பியை நம்ப மாட்டேன் என்று சார் சொல்லிவிட்டார். தொண்டையில் குழாய் இறங்கும்போது கண்ணில் நீர் முட்டியது. அது குழாயால்தான் என்று நினைத்து நர்ஸ் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இந்தக் கிருமி சாவகாசமாக வளரும். அந்த நாட்களில் அண்ணன் தினமும் போன் செய்தார். மாதம் ஒருமுறை வந்து ஃபேனைக் கழற்றிப் பேசாமல் போகிறவர், தினமும்.

"குட்டி, டெஸ்ட் என்னாச்சு?"

"வளரணும் அண்ணா."

"நல்லா வரும்ல?"

"நல்லான்னா எப்படி?"

"அவ ஊட்டினது நிஜம்னு வரும்ல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் குரலில் இருந்த ஆசை வாயை அடைத்துவிட்டது. அவர் சந்தேகத்தை விரும்பி வைத்திருக்கவில்லை. அவருக்கு அது சுமை, இவளுக்குத்தான் சொத்து. இத்தனை வருடம் ஒரே பொருளை ஆளுக்கொரு விதமாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது தெரிந்த இரவில் அவள் சாப்பிடவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. கிருமி வளர்கிற தட்டுகளைக் காற்றுப் புகாத ஜாடியில் வைத்திருப்பார்கள். வெளிக்காற்று பட்டால் அவை செத்துவிடும். மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், காலையில் ஒன்றுமே மிஞ்சாது, யார் மேலும் பழி வராது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அவள் ஜாடி முன்னால் நின்றாள். மூடியில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். பொய் சொல்ல வந்தது, ஆனால் தட்டைக் கொல்ல வரவில்லை. அவளை ஆளாக்கின தொழில் அது. அந்த நேர்மைக்குக் கிடைத்த கூலியைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

அண்ணியை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் சாருடைய ஜெல் தயாராயிற்று. யாரும் கேட்கவில்லை, அவராகவே அண்ணனையும் அண்ணியையும் தங்கையையும் ஜெல் பார்க்கிற இருட்டறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேர் நின்றாலே இடிக்கிற அறை. அண்ணியின் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளியதும் கதவு முழுதாகச் சாத்தவில்லை. சார் நீல விளக்கைப் போட்டு, ஆரஞ்சுக் கண்ணாடியை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது தண்ணி, ஒண்ணும் இல்ல பாருங்க. இது உங்க தங்கச்சி. இது உங்க வீட்டம்மா."

அண்ணன் குனிந்து பார்த்தார். பம்பில் ஒழுக்கு எங்கே என்று தேடுகிற அதே கவனத்தோடு, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கு" என்றார்.

"இனிமே கலந்துடுச்சு, சிந்திடுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார் சார், அவளைப் பார்க்காமல். "இருங்க, ஒரு படம் எடுத்து வரேன். உங்களுக்கு ஒண்ணு தரேன்." ஜெல் படத்தை அச்செடுக்க அடுத்த அறைக்குப் போனார்.

இனி ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணா, கோடு நிஜம்தான். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். ஆனா ஊட்டி வரல அண்ணா. அண்ணி மென்னு துப்பினது கிடக்கற தட்டுல கையைக் கழுவி, அந்தத் தண்ணியோட எனக்கு வைப்பாங்க. நீங்க இல்லாத நாளெல்லாம். நான் அதைத்தான் சாப்பிட்டேன். அதுலதான் வந்துச்சு."

முப்பது வருடம் அடைகாத்த பேச்சு, முழுதாகச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் அவள் கையைத் தட்டிவிடவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அண்ணியின் பக்கம் திரும்பினார். தங்கையிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வியை, தங்கை கேட்பார் கேட்பார் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காத்திருந்த கேள்வியை, அண்ணியிடம் கேட்டார்.

"நான் ஒரு நாள் மத்தியானம் சொல்லாம வந்தேனே. இவ பின்பக்கம் தரையில உக்காந்திருந்தா. தட்டு முழுக்கத் தண்ணியா இருந்துச்சு. அது என்னது?"

அண்ணி அவசரப்படவில்லை. போர்வையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"தொண்டை அடைக்கும்ங்க அவளுக்கு. கட்டியா வச்சா இறங்காது. தாயில்லாப் புள்ள, விக்கிச் செத்துவச்சா ஊர் என்னைச் சும்மா விடுமா? அதான் என் தட்டுலயே தண்ணியை ஊத்தி, என் கையாலயே கரைச்சு, கடினமா இருக்கறதை மென்னு மென்னு வச்சுக் கொடுப்பேன். உள்ள உக்காந்தா வாந்தி எடுப்பா. காத்தாட இருக்கட்டும்னு வெளியில உக்கார வச்சேன். புள்ளைக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்? விடுங்க. நான் தப்பா நினைச்சுக்கல."

அதே தட்டு, அதே தண்ணீர், மென்றதும் அதே. ஒன்றைக்கூட அண்ணி மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் அன்பாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். தண்ணீருக்குள் அந்த விரல்கள் அசைந்ததைத் தங்கை மனசுக்குள் மறுபடி பார்த்தாள். கழுவுகின்றனவா, கரைக்கின்றனவா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கே தெரியவில்லை. அந்த ஒரு கணத்துக்காக அண்ணியைக் கொன்றுபோடலாம் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியும். பசியோடு குந்தியிருந்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் எச்சிலில் பாசம் இருந்ததா வெறுப்பு இருந்ததா என்று காட்டுகிற சோதனையை இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"பொய் அண்ணா" என்றாள்.

"எது பொய்?" அண்ணன் இப்போதுதான் அவளைப் பார்த்தார். "முதல்ல டெஸ்ட்டே தப்புன்னே. இப்ப டெஸ்ட் சரி, அர்த்தம் தப்புங்கறே. நாளைக்கு வந்து என்ன சொல்வே?"

"நீங்க பார்த்தீங்களே அண்ணா. என் முகத்தைப் பார்த்தீங்களே."

"பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துட்டுத்தான் முப்பது வருஷம் இவ கையால ஒரு வாய் சோறு வாங்காம இருந்தேன். இவ ஒரு நாள் ஏன்னு கேக்கல." அவர் குரல் உடைந்தது. "உன்னை ஹாஸ்டல்ல விட்டேன் பாரு, அது நான் பண்ண பாவம். வாயில மென்னு ஊட்டினவகிட்டேருந்து புள்ளையைப் பிரிச்சுக் கொண்டுபோய் விட்டேன். இவளுக்கும் அதுக்கப்புறம் புள்ளையே இல்லாமப் போச்சு."

ஹாஸ்டலில் முதல் நாள் இரவு மணியடித்து, வரிசையில் நின்று, கழுவித் துடைத்த காய்ந்த தட்டில் சூடாகச் சோறு வாங்கிய சிறுமி, இப்போது வளர்ந்து அந்த இருட்டறையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் ஒருவர் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியத்துக்கு, செய்தவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் யாரிடம்!

அவர் குனிந்து அண்ணியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுடு" என்றார். அண்ணி இன்னொரு கையால் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொடுத்துக்கொண்டே தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை.

சார் படத்தோடு திரும்பி வந்தார். மூவரின் கண்ணும் கலங்கியிருப்பதைப் பார்த்து அவருக்கும் கலங்கிவிட்டது.

"இதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றார். படத்தை அண்ணியிடம் கொடுத்தார். "மாநாட்டுல முதல் படமா இதைத்தான் போடப்போறேன். கீழ தாய், மகள்னு எழுதலாம்ல?"

"உங்க இஷ்டம் டாக்டர்" என்றாள் அண்ணி, படத்தைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு.

"அப்புறம், கிருமியை ஒழிக்க மாத்திரை எழுதித் தரச் சொல்லியிருக்கேன், ரெண்டு வாரம் விடாம சாப்பிடணும்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, சார் தங்கையை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "நீ கொஞ்ச நாள் லீவு எடும்மா. சொந்தக் கையை நம்பாதவங்களை நான் மேசையில வச்சுக்க முடியாது. தப்பா எடுத்துக்காதே." உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது.

வராந்தாவில் லிஃப்ட் வரை அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் பின்னாலேயே போனாள், ஏன் போகிறோம் என்று தெரியாமல். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அண்ணி தலையைத் திருப்பினாள்.

"குட்டி" என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பெயரில் கூப்பிட்டாள். "ரொம்ப இளைச்சுட்டே. வேளாவேளைக்குச் சாப்பிடு."

அண்ணன் நின்று தங்கையைப் பார்த்தார். "கேட்டியா? இவ்வளவு பேசினதுக்கப்புறமும் உன் சாப்பாட்டைப் பத்தித்தான் கவலைப்படறா. பதில் சொல்லு."

அவர் காத்திருந்தார். சொன்னால் அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஒரே ஒரு சொல்தான் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது, ஒன்றும் வெளியே வரவில்லை.

லிஃப்ட் வந்தது. அண்ணன் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சரி அண்ணி" என்றாள் அவள்.

கதவு அதற்குள் மூடியிருந்தது.